உங்களுக்குத் தெரியுமா? பதினாறு பாயிண்ட் காற்றும் ஒரு செம்மணல் காடும்

மதுரை கே.கே. நகரிலிருந்து விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினால், ஒன்பது மணிக்குள் பாலைவன மணலில் ஜீப்பை அச்சு வரை புதைத்துவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? நாங்கள் புதைத்தோம். ரிங் ரோடு ஏறி அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி, அங்கிருந்து திருச்செந்தூர் பக்கம். மொத்தம் 180 கிலோமீட்டர் வாக்கில் வரும். ராஜஸ்தானுக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கூட வந்தவன் பதினொரு வருஷம் ஓமானில் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு திரும்பிவிட்ட நண்பன். அவன் அம்மா பிறந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம்தான். ஆனாலும் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவன் சொன்னது: "நம்ம ஊர்ல ஏதுடா மாப்ள பாலைவனம்? வண்டியூர் கண்மாய் காஞ்சு கிடந்தா அதுதான் பாலைவனம். எங்க மாமா ஊர்ல இருக்கிறது வெறும் மணல்மேடு." அந்த வெறும் மணல்மேட்டைப் பற்றிய சில துணுக்குகள்தான் இந்த வாரம்.

*

'தேரி' என்ற தமிழ்ச் சொல்லை நிலவியல் ஆய்வாளர்கள் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி உள்ளே தள்ளிக் கிடக்கும் செம்மணல் மேடுகளுக்கு உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் 'தேரி மணல்' என்றே பெயர். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி, நாசரேத் பக்கத்துத் தேரி, இடையன்குடித் தேரி என்று துண்டு துண்டாகப் பல இருக்கின்றன. குதிரைமொழித் தேரி மட்டுமே சுமார் 12,000 ஏக்கர்.

*

பாடப்புத்தகக் கணக்குப்படி தேரி பாலைவனமே அல்ல! ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் கீழே மழை பெய்யும் இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக 600 மில்லிமீட்டருக்கு மேலேயே பெய்கிறது. பெய்கிற மழையை மணல் உடனே குடித்துவிடுகிறது, அதனால் மேலே பார்த்தால் பாலைவனம். நண்பனிடம் இதைச் சொன்னேன். "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான். மூன்று மணி நேரம் கழித்து அவன் இதே வாக்கியத்தைச் சொல்லவில்லை.

*

தமிழர்களின் பாலையும் நிரந்தரமான பாலை இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுக் காய்ந்துபோனால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதைச் சொல்லும் இடமும் கவனிக்க வேண்டியது: கோவலனும் கண்ணகியும் மதுரையை நோக்கி நடந்துவரும் காடுகாண் காதை. எங்களுக்கு நேர் எதிர்த்திசை. மதுரையிலிருந்து பாலையை நோக்கிப் போனோம், அதுவும் டீசல் போட்டுக்கொண்டு.

*

மணலைவிட மோசமானது கரிசல். அருப்புக்கோட்டை தாண்டியதும் ரோட்டின் இரு பக்கமும் கறுப்பு மண் தொடங்கும். நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும் களிமண் இது. மழை நாளில் இதில் வண்டியை இறக்கினால், சக்கரத்தில் ஒட்டிய மண் மட்கார்டு வரை ஏறி அடைத்து, சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிடும். கரிசல்காட்டில் மழையன்று சைக்கிளில் போனவர், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். மணலில் மாட்டினால் தோண்டி எடுக்கலாம், கரிசலில் மாட்டினால் காயும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

*

தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டும்போது நண்பன் சொன்ன ஓமான் பாடம் இது. அரேபியாவில் 'சப்கா' என்று உப்புப் படிந்த சமவெளிகள் உண்டு. மேலே பார்த்தால் சிமெண்ட் தளம் போலக் கெட்டியாகத் தெரியும். அது மெல்லிய உப்புத் தோல்தான். கீழே சேறு. மணல் மேட்டில் பயந்து பயந்து ஓட்டுகிறவர்கள்கூடச் சப்காவைக் கண்டதும் நல்ல தரை வந்துவிட்டது என்று வேகம் எடுப்பார்கள், அங்கேதான் மாட்டுவார்கள். "வெள்ளையா பளபளன்னு இருந்தா நம்பவே கூடாது மாப்ள." ரோட்டோரம் குவித்து வைத்திருந்த உப்பைப் பார்த்தபடி சொன்னான்.

*

தேரி மணல் ஏன் சிவப்பு? ஒவ்வொரு மணியும் உள்ளே நம் கடற்கரை மணலைப் போன்ற குவார்ட்ஸ்தான். அதன்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது, ஜிலேபி மேல் பாகு மாதிரி. பத்து கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் வெளிறிய மணல், இங்கே குங்குமம். ஒரு பிடி அள்ளிக் காந்தத்தை நீட்டினால் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களும் இந்த மணலில் கலந்திருக்கின்றன.

*

இந்த மேடுகளை உருட்டி வைத்ததில் காற்றுக்குப் பெரிய பங்கு. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரல்வாய்மொழியில் ஒரு வாசல் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அதன் வழியாகச் சீறிக்கொண்டு வரும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும் அதே காற்றுதான். மின்சாரம் இன்று வந்தது. மணல் அள்ளும் வேலை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது.

*

நாங்கள் போனது ஆனி மாதம். ஜீப்பை விட்டு இறங்கியதும் ஒரு விநோதம். முகத்தில் காற்று மட்டும்தான் அடித்தது, கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. காற்றில் மணல் மேகம் போலப் பறப்பதில்லை. ஒவ்வொரு மணியும் தத்தித் தத்திக் குதிக்கிறது, விழும் இடத்தில் இன்னொரு மணியை உதைத்து எழுப்புகிறது. அந்தக் குதியல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வேட்டியை மடித்துக் கட்டுகிறவர்கள் தேரிக்குப் போனால் இறக்கி விட்டுக்கொள்வது நல்லது.

*

இந்தத் தத்தலை அளந்து எழுதியவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1920களில் எகிப்தில் வேலை பார்த்தபோது, விடுமுறைக்குச் சீட்டாடாமல் நண்பர்களோடு ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். அப்போது பலரும் காரால் போக முடியும் என்று நினைக்காத இடம். மணலில் ஓட்ட இன்று நாம் செய்யும் பல காரியங்கள் அந்த நண்பர் கூட்டம் புதைந்து புதைந்து கற்றவை. டயரில் காற்றைக் குறைத்தார்கள். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியை ஒரு குழாய் வழியாகத் தகரத்தில் பிடித்துக் குளிரவைத்து மறுபடி உள்ளே அனுப்பினார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகக் கூடாது என்று. புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்க, கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்த வளைந்த இரும்புத் தகடுகளை வாங்கிக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் பதுங்கு குழிக்குக் கூரை போட்ட தகடுகள் அவை.

இன்னொன்று: காரின் இரும்பு காந்த ஊசியைத் திசை திருப்பிவிடும். ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளி நின்று திசை பார்க்க முடியுமா? பாக்னால்ட் சூரிய நிழலை வைத்துத் திசை காட்டும் ஒரு வட்டத்தட்டைக் காரிலேயே பொருத்தினார். 1941-ல் மணலைப் பற்றி அவர் வெளியிட்ட நூலை, செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளை ஆராய்கிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். விடுமுறைக்குக் கார் எடுத்துக்கொண்டு போன ஒருவர் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தார் பாருங்கள்.

*

டயரில் காற்றைக் குறைத்தால் என்ன ஆகும்? ஜீப்பின் எடையில் ஒரு சக்கரத்தின் பங்கு 400 கிலோ என்று வையுங்கள். 30 பாயிண்ட் காற்றில் அந்தச் சக்கரம் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை அஞ்சலட்டை. 15 பாயிண்டுக்கு இறக்கினால் மூன்று அஞ்சலட்டை. அதே எடை, இரண்டு மடங்கு இடம், மணல் தாங்கிக்கொள்கிறது. ஒட்டகத்தின் பாதம் அகலமாக, பஞ்சு வைத்ததுபோல இருப்பதும் இதற்காகத்தான். 12-க்கும் கீழே போனால் வேறு வில்லங்கம்: திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும்.

நண்பன் ஜீப் சாவியின் நுனியால் வால்வு ஊசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தான். ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் மட்டும். நாற்பது எண்ணியதும் கேஜை வைத்துப் பார்த்தோம், இருபத்திரண்டு. மறுபடி அழுத்தினான். நாலு சக்கரத்துக்கும் பதினாறு வைக்க இருபது நிமிஷம் ஆனது. மதுரையில் எங்கள் தெரு பஞ்சர் கடைக்காரர் பார்த்திருந்தால் மனம் நொந்திருப்பார்.

*

தேரிக்குள் நினைத்த இடத்தில் வண்டி ஓட்ட முடியாது. பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே சக்கரம் பதித்தால் வழக்கு. நாங்கள் ஓட்டியது நண்பனுடைய தாய்மாமாவின் பட்டா நிலத்தில், முந்திரி வைத்தது போக மீதம் கிடந்த மேட்டில்.

*

மணலில் பிரேக் போடக் கூடாது. போட்டால் சக்கரத்துக்கு முன்னால் ஒரு குட்டி மேடு குவியும், மறுபடி கிளம்ப அதை ஏறித்தான் ஆகவேண்டும். நிறுத்தியே தீரவேண்டும் என்றால், ஆக்சிலேட்டரை விட்டுத் தானாக ஓய விட வேண்டும், அதுவும் மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி. இதெல்லாம் பதினொரு வருஷம் ஓட்டியவனுக்குத் தெரியாததில்லை. மேட்டின் உச்சிக்குப் பத்தடி கீழே ஒரு உடைமரத்தின் பின்னாலிருந்து இரண்டு ஆடுகள் குறுக்கே வந்தன. அமுக்கிவிட்டான்.

அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு. ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் சுற்றச் சுற்றத் தோண்டும், கிணறு வெட்டுகிற மாதிரி. ஓரிரு விநாடிதான், பின்பக்க அச்சு மணலில் உட்கார்ந்துகொண்டது. நாலு சக்கர லிவரை இன்னும் போடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைப் போட வேண்டியது என் வேலை என்று கிளம்பும்போதே பிரித்துக்கொண்டிருந்தோம். அதனால் யாரும் யாரையும் திட்டவில்லை.

*

பதநீர்க் குடத்தோடு வந்த ஒரு பனையேறி அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். "காத்தக் கொறச்சது சரிதாம் தம்பி. மேட்டுல வந்து எதுக்கு பிரேக்க அமுக்குனிய?" என்றார். அவருக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. மாட்டு வண்டி தெரியும்.

சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே மணலை வாரினோம். வாரிய இடத்தில் மறுபடி சரிந்து விழுந்தது. காய்ந்த மணல் ஏறக்குறைய 34 பாகைச் சரிவுக்கு மேல் நிற்காது என்பது படித்தது. குழியைச் செங்குத்தாக வெட்டாமல் அகலமாக வாரிச் சரித்துவிட வேண்டும் என்பது அண்ணாச்சி சொல்லித் தெரிந்தது. கீழே கிடந்த பனை மட்டைகளை நான் இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் தடுத்தார். "மட்டைய வைக்காதிய. கருக்கு டயரக் கிழிச்சுரும். ஓலைய மட்டும் அறுத்து விரிங்க." பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பப் பல். ஊர்க்காரர்களுக்கு அது கருக்கு. ஓலைகளைக் கழித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சக்கரத்துக்கு முன்னால் ஆறடிக்குப் பாய்போல விரித்தோம். நாலு சக்கரமும் போட்டு, கிளச்சை மெதுவாக விட்டான். ஓலை நொறுங்குகிற சத்தம், ஒரு குலுக்கல், வண்டி மேலே.

பாக்னால்டின் இரும்புத் தகடு செய்த வேலையை உடன்குடிப் பக்கத்துப் பனையோலை செய்துவிட்டது. ஆளுக்கு ஒரு பட்டை பதநீர் கிடைத்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

*

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பனைகள் தேரியின் விளிம்பில் நிற்பவை. பனை, உடை, முந்திரி என்று மரங்களை நட்டது விளைச்சலுக்காக மட்டுமல்ல, நகரும் மணலைப் பிடித்து நிறுத்தவும்தான்.

*

செம்மணலுக்கு நடுவே சுனை இருக்கிறது! குடித்த மழையை எல்லாம் தேரி கீழே சேமித்து வைத்திருக்கிறது. மேலப்புதுக்குடி அருகே உள்ள அருஞ்சுனை காத்த அய்யனாரின் பெயரிலேயே சுனை இருக்கிறது. மேட்டுக்கு மேடு நடுவில் மழைக்காலத்தில் தேங்கும் ஆழமில்லாத ஏரிகளுக்குத் 'தருவை' என்று பெயர், வைரவன் தருவை மாதிரி. வெளியூர்க்காரர்கள் தேரிக்குத் தண்ணீர் கேனோடு வருவார்கள். நாங்களும் இருபது லிட்டர் கேன் கொண்டுபோயிருந்தோம். அதில் பாதி, கடைசியில் கைகால் கழுவத்தான் பயன்பட்டது.

*

தேரியில் காற்று மணலை ஒதுக்கும் இடங்களில் நகத்தளவுக் கல் கருவிகள் தலைகாட்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் பிளேடுகள் அவை. எஃப்.இ. ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் திருநெல்வேலி மாவட்டத்துத் தேரிக் கருவிகளைப் பற்றி 1956-ல் எழுதிய கட்டுரை இந்தியத் தொல்லியலில் பெயர் பெற்றது. கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

*

இந்தப் பக்கத்தில் நல்ல பாதையே இல்லாத காலத்தில் இடையன்குடித் தேரிக்கு 1841-ல் ஒருவர் வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து பெரும்பகுதி தூரத்தை நடந்தே கடந்தவர். ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். ஐம்பது ஆண்டுக்குப் பக்கமாக அந்தச் செம்மண் ஊர்தான் அவருக்கு வீடு. எங்களுக்குப் பதினாறு பாயிண்ட் காற்றுக்கே மூச்சு வாங்கியது.

*

பாலைவன வண்டிப் பந்தயங்களில் பெரியது டாக்கர் ராலி. அது பிறந்ததே ஒருவர் வழி தவறியதால். தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977-ல் மோட்டார் சைக்கிளில் போய் லிபியப் பாலைவனத்தில் தொலைந்து, மீட்கப்பட்டார். அடுத்த ஆண்டே, 1978 டிசம்பர் 26 அன்று, பாரிஸிலிருந்து செனகலின் டாக்கருக்குப் பந்தயத்தைத் தொடங்கிவைத்தார். 2020 முதல் அது சவூதி அரேபியாவில் நடக்கிறது. 2024-ல் கேரளத்து ஹரித் நோவா அதில் ஒட்டுமொத்தமாகப் பதினோராவது இடம் பிடித்து, ராலி 2 பிரிவில் முதலிடமும் பெற்றார். அவர் ஓட்டியது ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக. மதுரைக்காரர்களுக்கு டி.வி.எஸ். என்றால் வேறு அர்த்தம். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பஸ்கள் போகும் ரோட்டில் ஆணி பொறுக்க முன்னால் காந்தம் கட்டிய வண்டி ஓடும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பஞ்சருக்குப் பயந்த ஊரிலிருந்து கிளம்பிய பெயர் பாலைவனம் வரை போயிருக்கிறது.

*

பட்டாளத்துக்கும் மணல் பாடம் எடுத்திருக்கிறது. 1971 டிசம்பர் 4 இரவு ராஜஸ்தானின் லோங்கேவாலா காவல் முனையை நோக்கி வந்த பாகிஸ்தான் டாங்கிகளும் வண்டிகளும் இளமணலில் சிக்கித் திணறின. விடிந்ததும் இந்திய விமானங்களுக்கு அவை நல்ல குறியாகிவிட்டன.

*

காற்றைக் குறைப்பதைவிட மறுபடி அடிப்பது முக்கியம். பதினாறு பாயிண்டோடு தார் ரோட்டில் எண்பதில் போனால், டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். நண்பன் ஓமானிலிருந்து கொண்டுவந்த குட்டி கம்ப்ரஸர், நாலாவது டயரில் இருபத்தைந்துக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது. குலசேகரன்பட்டினம் ரோட்டு பெட்ரோல் பங்க் வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தோம். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்தே களைத்துப்போனார்.

*

மணலைப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப் போகும் திருவிழா தேரியில் உண்டு. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாதக் கடைசியில் நடக்கும் 'கள்ளர் வெட்டு'. செம்மணலில் வைத்து இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் தெறித்த மணலை அள்ளக் கூட்டம் முண்டியடிக்கும். வீட்டிலும் வயலிலும் அது இருந்தால் விளைச்சலுக்கும் செல்வத்துக்கும் குறைவிராது என்பது நம்பிக்கை. ஊர் ஊராகப் பஸ் பிடித்து வருவார்கள்.

நாங்கள் போனது ஆனியில், அய்யனார் கோயிலுக்குப் போகவும் இல்லை. இரவு ஒன்பதரைக்குக் கே.கே. நகர் வந்து நண்பன் வீட்டு வாசலில் ஜீப்பின் கால்மிதிகளை உருவித் தட்டினோம். சிமெண்ட் தரையில் குங்குமம் கொட்டிய மாதிரி மணல். துடைப்பம் எடுத்துவர உள்ளே போனவனை அவன் அம்மா தடுத்தார். முறத்தோடு வெளியே வந்து குனிந்து, ஒரு முந்திரிச் சருகையும் இரண்டு ஓலைத் துணுக்கையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, மிச்ச மணலை முறத்தில் கூட்டி எடுத்தார்.

"எங்க ஊரு மண்ணுப்பா. தெருவுல கூட்டித் தள்ளாதீங்க."

மறுநாள் வாட்டர் வாஷில் வண்டியைத் தூக்கிவிட்டுக் கீழே தண்ணீர் அடித்த பையன், சிவப்பாக ஓடியதைப் பார்த்துவிட்டு எந்தச் செங்கல் சூளைக்கு வாடகை ஓட்டுகிறோம் என்று கேட்டான்.